இருநூறு றாத்தல் கணக்கப்பிள்ளை

திருச்செல்வம் ஏறி உட்கார்ந்ததும் மட்டக்குதிரை ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு முன்னங்கால் இரண்டையும் மடித்துக்கொண்டு பங்களா முற்றத்திலேயே அமர்ந்துவிட்டது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கானை எடுத்தார்.

"கணக்கப்பிள்ளை, இறங்கு. குதிரை பாவம்."

"ஓம் துரை. இந்தா இறங்கிறன்."

சொல்வது சுலபம். குதிரைக்காரன் ஒரு பக்கமும் தோட்டக்காரன் மறுபக்கமும் பிடித்து இழுத்த பிறகுதான் கணக்கப்பிள்ளை மண்ணுக்கு வந்தார். குதிரை எழுந்து, அவரைத் திரும்பிப் பார்க்காமலே லாயத்துக்குப் போயிற்று.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் திருச்செல்வம் பதினொரு வருஷமாகக் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று மலை மலையாக ஏறிப் பார்ப்பது அவர் உத்தியோகம். அந்த 1934ஆம் ஆண்டு ஐப்பசியில் துரை பக்கத்துத் தோட்டத்தின் மேல் மலை மூன்றையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டார். அங்கேதான் வில்லங்கம் பிறந்தது. அவ்வளவு உயரத்துக்கு இந்தத் தேகம் நடந்து ஏறாது, குதிரையோ சுமக்காது.

துரை அவரை நேரே ஸ்டோருக்குக் கூட்டிப்போய், தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றினார். ஸ்டோர்க்கார வீரையா படிக்கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.

"இருநூத்திப் பதினேழு றாத்தலுங்க. கோட்டோட."

"கோட்டைக் கழட்டினா?" என்றார் திருச்செல்வம்.

"இருநூத்திப் பதினாலுங்க."

"கோட்டுக்கு மூண்டு றாத்தலோ? என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"பையில வடை இருக்குங்கய்யா."

துரை சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கிறிஸ்மஸ் வரை டைம் தாறேன், கணக்கப்பிள்ளை. குதிரைக்கு இருநூறு றாத்தல். அதுக்கு மேலே ஒரு றாத்தல் வேண்டாம். முடியாட்டி வேறே ஆள் வரும். நீ யாழ்ப்பாணம் போ."

அன்று பின்னேரம் வீட்டு விறாந்தையில் கதிரையில் சாய்ந்து, மனைவி தையல்முத்துவிடம் நடந்ததைச் சொன்னார். பிள்ளைகள் இரண்டும் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். இந்த உத்தியோகம் போனால் அந்தப் படிப்பும் போகும்.

"அதுக்கென்னப்பா, ஊருக்குப் போவம். காணி கிடக்கு," என்றாள் தையல்முத்து.

"நாற்பத்தாறு வயதில வேலியடியில குந்தியிருந்து கோழி கலைக்கச் சொல்லுறீரோ? நடக்காது. பதினொரு வருசமாக் கள்ள வேலை செய்யிற ஆக்களைக் கண்காணிச்சவன் நான். ஒரு கொழுப்பைப் பிடிக்கமாட்டனோ?"

உண்மையைச் சொன்னால், அந்தப் பதினொரு வருஷத்தில் அவர் ஒருவரையும் பிடித்ததில்லை. பிடிக்க ஆள் அகப்பட்டதே இல்லை. எந்த நேரம் எந்த மலைக்குப் போனாலும் அத்தனை பெண்களும் குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டுதான் இருப்பார்கள். தன் கண்டிப்புக்கு அவ்வளவு மரியாதை என்று அவருக்கு ஒரு பெருமை. மூன்றாம் வளைவில் நின்று மூச்சு வாங்கி, ஐந்தாம் வளைவில் தடியை ஊன்றி இருமி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்து அந்தக் காட்சியைப் பார்க்கும்போது களைப்பெல்லாம் பறந்துவிடும்.

மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சர் ராஜரத்தினத்திடம் போனார். காய்ச்சலுக்கும் காலில் முள் குத்தினதுக்கும் ஒரே போத்தலிலிருந்து மருந்து ஊற்றுகிற மனிதர் அவர். ஆனால் பேச்சு மட்டும் பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சு.

"கொழுப்புன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் ஐயா. காரணத்தைப் புடிச்சிட்டா கொழுப்பு தன்னால இறங்கும்."

"காரணம் என்னவா இருக்கும்?"

"அதை நீங்கதான் புடிக்கணும்."

பிடிப்பது என்று திருச்செல்வம் முடிவு கட்டினார். முடிவு கட்டினால் கட்டினதுதான். அவர் பரம்பரையே அப்படி. அவருடைய தகப்பனார் ஒரு வேலித் தகராறுக்காகப் பத்தொன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்.

முதல் சந்தேகம் வீட்டுச் சமையலில் விழுந்தது. குழல் புட்டு, தேங்காய்ப்பாற் சொதி, நல்லெண்ணெயில் மிதக்கும் கத்தரிக்காய்க் குழம்பு. வேறு சாட்சி எதற்கு?

"இண்டையிலிருந்து எனக்கு ஒரு துண்டு பேக்கரிப் பாண், ஒரு கோப்பை வெறுந் தேத்தண்ணி. அவ்வளவுதான்," என்றார்.

தையல்முத்துவின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப என்ர கையாலதானோ நீங்கள் ஊதினீங்கள்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லாமச் சொல்லிப்போட்டீங்கள். இருபது வருசம் புகைக்குள்ள நிண்டு அவிச்சுக் கொட்டினதுக்கு இதுதான் பேர். இனி இந்த அடுப்பை நான் மூட்டினா என்னை என்னெண்டு கேளுங்கோ."

சொன்னபடியே இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மலைநாட்டில் ஒரு வீட்டில் புகை எழும்பாவிட்டால் எட்டு மலைக்கும் தெரியும். மூன்றாம் நாள் காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைவி மூக்காயி, ஆறு தட்டோடு ஆறு பெண்களை அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா வீட்டுல அடுப்பு எரியலையாமே. எங்களுக்குத் தொண்டையில சோறு எறங்குமா? சாப்புடுங்கய்யா."

இங்கே அந்தத் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எந்த வீட்டில் என்ன விசேஷம் நடந்தாலும் முதல் தட்டு கணக்கப்பிள்ளை வீட்டுக்குத்தான் வரும். தட்டைக் கொண்டுவந்தவள் அங்கேயே நிற்பாள். தட்டு வெறுந்தட்டாகத்தான் லயத்துக்குத் திரும்ப வேண்டும். மிச்சம் வைத்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது. திருச்செல்வம் வந்த புதிதில், "லயத்துச் சாப்பாடோ? நான் தொடமாட்டன்" என்று முறுக்கிக்கொண்டவர்தான். நெய்யில் பொரித்த பலகாரத்துக்குத் தோஷமில்லை என்று மூக்காயி சொன்னாள். அதிரசத்தைக் கடித்துப் பார்த்தார். வீறாப்பு ஒரு கிழமை தாங்கியது. பிறகு ஆட்டிறைச்சிக்கும் தோஷமில்லை என்றாயிற்று.

ஆறு தட்டும் வெறுந்தட்டாகத் திரும்பின. சனிக்கிழமை வீரையா கல்லை மாற்றி வைத்தான்.

"கோட்டு இல்லாமலே இருநூத்திப் பதினாறுங்க."

"சரி. அப்ப சாப்பாடு காரணமில்லை," என்றார் திருச்செல்வம். "உடம்பு அசையாததுதான் காரணம்."

மலை ஏறுகிறவர் அசைகிறவர்தானே என்று கேட்கக் கூடாது. ஒரு வளைவுக்கு ஒரு தரம் கல்லில் உட்கார்ந்து ஏறுவதை நடை என்று டிஸ்பென்சர் ஒப்புக்கொள்ளவில்லை. சமதரையில் விறுவிறுவென்று நடக்க வேண்டும் என்றார். அந்தத் தோட்டத்தில் சமதரை என்று இருந்தது லயங்களுக்கு முன்னால் போகும் பாதை ஒன்றுதான்.

திங்கட்கிழமை பின்னேரம் தடியை வீசிக்கொண்டு புறப்பட்டார். முதல் லயத்தைத் தாண்டவில்லை.

"ஐயா, நம்ம வாசலை மிதிச்சிட்டீங்க! சும்மா போகலாமா? மகனுக்குப் பல்லு மொளைச்சிருக்கு, ஒரு வாய் பாயாசம்."

இரண்டாம் லயத்தில் ஆடு இரட்டைக் குட்டி போட்டிருந்தது, அதற்குக் கொழுக்கட்டை. மூன்றாம் லயத்தில் ஒருத்தியின் தம்பிக்கு இந்தியாவில் கல்யாணமாம், அதற்கு லட்டு. நான்காம் லயத்தில் ஒரு விசேஷமும் இல்லை.

"ஒண்ணுமில்லங்கய்யா. ஐயாவப் பார்த்ததுல ஒரு சந்தோசம். வடை சுட்டுட்டோம்."

அவர் நடந்த தூரம் கால் மைல். திரும்பி வர அரை மணித்தியாலம் பிடித்தது. பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அந்த நேரம் தனி.

ஆனாலும் அவர் விடவில்லை. ஒரு கிழமை முழுக்க நடந்தார். நடக்க நடக்க லயங்களில் பிள்ளைகளுக்குப் பல் முளைத்துக்கொண்டே இருந்தது.

"இருநூத்திப் பத்தொன்பதுங்க," என்றான் வீரையா. அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"தராசு பிழையடா."

"தேயிலைப் பெட்டிக்குச் சரியாத்தாங்க காட்டுது."

திருச்செல்வம் தராசைவிட்டு இறங்கினார். மறுநாள் விடிந்ததும் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி வத்தேகமவுக்குப் போனார். அங்கே முஹைதீன் நானாவின் நாட்டு மருந்துக்கடைக்கு அந்தப் பக்கமெங்கும் பேர்.

முஹைதீன் நானா நாடியைப் பிடித்தார். நாக்கைப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"செல்லுங்க ஐயா, ராவைக்கு நல்லா தூக்கம் வருதா?"

"வருகுது."

"பசி?"

"அது கேக்க வேண்டாம்."

"அப்ப ஒங்களுக்கு நோவொண்டும் இல்ல. உள்ளுக்குச் சூடு பத்தாம ஈக்குது, அவ்வளவுதான். சூடு பத்தாட்டி கொழுப்பு உறையும். நெய் உறையிறது இல்லையா, அப்பிடி. இந்த லேகியத்த விடிய ஒரு உருண்டை, அந்திக்கு ஒரு உருண்டை சாப்பிடுங்க. தேன்ல கொழச்சி நெய்யில கிண்டினது. அல்லாஹ் காவல், பசி கொஞ்சம் கூடும். பயப்புட வாணாம். கொழுப்பு உருகுதுண்டு அர்த்தம்."

பசி கொஞ்சமா கூடியது! விடியற்காலையில் எழுந்து பாண் பெட்டியைத் தேடினார். மலையில் நின்றுகொண்டு கீழே லயத்தில் யார் என்ன தாளிக்கிறார்கள் என்று மூக்காலேயே சொன்னார். மூக்காயிக்கு இந்தச் சேதி தெரிந்த அன்றே தட்டு எட்டாயிற்று.

"மருந்து சாப்புடுற ஒடம்பு ஐயா. வெறும் வயித்துல மருந்து போனா கொடலை அரிச்சிரும்."

இருநூற்று இருபத்து மூன்று.

இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். திருச்செல்வம் கந்தசஷ்டியைப் பிடித்தார். ஆறு நாள் உபவாசம். பாணும் இல்லை, லேகியமும் இல்லை. மிளகும் பச்சைத் தண்ணீரும்தான். விரதக்காரருக்குத் தட்டு கொண்டுவர மூக்காயிக்கும் துணிவு வரவில்லை. முருகனோடு யார் மோதுவது? ஆறாம் நாள் அவர் தள்ளாடிக்கொண்டு தராசில் ஏறினார்.

"இருநூத்திப் பதினேழு!" வீரையா துள்ளிக் குதித்தான். "ஆறு றாத்தல் எறங்கிருச்சுங்கய்யா!"

தையல்முத்துகூடக் கோபத்தை மறந்து சிரித்தாள். கண்ணீரும் வந்தது. "முருகா, என்ர தாலியையும் என்ர பிள்ளையளின்ர படிப்பையும் காப்பாத்திப்போட்டாய்" என்று திருநீறு பூசிவிட்டாள்.

ஆனால் விரதம் இருந்தால் அதைச் சாப்பிட்டு முடிக்கும் பாறணை உண்டே! ஏழாம் நாள் காலையில் தோட்டத்துக் கோயிலில் மணியடித்தது. ஆறு லயமும் திரண்டு வந்தது. சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, பஞ்சாமிர்தம், மோதகம், அப்பம், அவல். விரதக்காரர் முதலில் தொடாவிட்டால் சாமிக்குப் படைத்ததை யாரும் தொடக் கூடாதாம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு தட்டு, ஒவ்வொன்றும் வெறுந்தட்டாக வேண்டும்.

"ஆறு நாள் எங்களுக்காகத்தானே பட்டினி கெடந்தீங்க சாமி," என்றாள் மூக்காயி.

தனக்காகத்தான் கிடந்தார். ஆனால் அதை எப்படிச் சொல்வது? பத்து நாள் பாறணை நடந்தது.

இருநூற்று இருபத்தைந்து.

கிறிஸ்மஸுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. பங்களாப் பக்கம் போனால் மட்டக்குதிரை அவரைக் கண்டதும் பின்னுக்கு நகர்ந்தது. மேல் மலைக்கு வேறு கணக்கப்பிள்ளை தேடித் துரை கடிதம் எழுதுவதாகவும் காதில் விழுந்தது.

"ராஜரத்தினம், உள்ளதைச் சொல்லும். இனி என்ன காரணம் மிச்சம்?" என்றார் திருச்செல்வம்.

டிஸ்பென்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சாப்பாடு இல்லைன்னு ஆச்சு. நடை இல்லைன்னு ஆச்சு. மருந்து, விரதம் எல்லாம் பார்த்தாச்சு. மிச்சம் இருக்கிறது காத்து ஒண்ணுதான் ஐயா. இந்த மலைக்காத்து சில ஒடம்புக்கு ஒத்துக்காது. ஊதிவிட்டிரும்."

"அப்ப காத்தை மாத்திப் பாக்கிறன். தோக்கமாட்டன் நான்."

கண்டியில் தையல்முத்துவின் தம்பி புகையிரதக் கந்தோரில் கிளாக்கர். ஒரு மாத லீவில் அங்கே போவது என்று தீர்மானமாயிற்று. துரையும், "போ. சின்னதாகி வா" என்றார்.

புறப்படும் நாளில் பெண்கள் பாதையை மறித்துவிட்டார்கள்.

"எங்களத் தவிக்க விட்டுட்டுப் போறீங்களேய்யா," என்று மூக்காயி மூக்கைச் சிந்தினாள். "அங்க யாரு ஒங்களுக்கு வேளைக்கு வேளை பார்த்துக் குடுப்பா?"

கண்டிப்பான அதிகாரி என்று தன்னை நினைத்திருந்தவருக்கு, தன்மேல் இவ்வளவு பாசமா என்று ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகும் வெகுநேரம் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைத்துனரின் மனைவி அரிசியை எண்ணி உலையில் போடுகிறவள். காலையில் ஒரு கோப்பைக் கஞ்சி, மத்தியானம் ஓர் அகப்பைச் சோறு, அந்திக்கு அதே கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர். ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் கிழமைக்கு இரண்டு தடவை அதிரசமும் முறுக்கும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவள் அவற்றை அப்படியே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அண்ணைக்கு இது கூடாது. எங்களுக்கும் விருந்தாளியள் வருவினம்தானே?"

திருச்செல்வம் விடிய எழும்பிக் கண்டி வாவியை ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று நடந்தார். முதல் கிழமை மரத்துக்கு மரம் நின்றார். இரண்டாம் கிழமை பாதி வாவிக்கு ஒருதரம் நின்றார். மழை கொட்டிய நாளிலும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கால் கொப்பளித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பசி வந்தபோதெல்லாம் விடுதியில் இருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டார். நாலாம் கிழமை நில்லாமலே சுற்றி வந்தார். அன்று வாவிக்கரையில் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில், சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு தரம் துள்ளிப் பார்த்தார். மூச்சு வாங்கவில்லை. எத்தனை வருஷமாயிற்று!

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு தோட்டத்தில் வந்து இறங்கியவரைத் தையல்முத்துவுக்கே அடையாளம் தெரியவில்லை. கோட்டு கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. ஸ்டோருக்கு முன்னால் துரை, டிஸ்பென்சர், வீரையா, குதிரைக்காரன் எல்லோரும் கூடிவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கிய பெண்களும் கூடையோடு வந்து நின்றார்கள்.

வீரையா கல்லை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். சின்னக் கல்லொன்றை வைத்தான்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டுங்க துரை!"

"நான் சொன்னேனா இல்லையா? காத்துதான்!" என்று கூவினார் டிஸ்பென்சர்.

துரை முதல்தடவையாகச் சிரித்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார். "மேல் மலை உனக்கு, கணக்கப்பிள்ளை. குதிரையும் உனக்கு."

திருச்செல்வம் ஒரு கையைச் சேணத்தில் வைத்து, யார் உதவியும் இல்லாமல் ஒரே எட்டில் ஏறினார். மட்டக்குதிரை காதை ஆட்டியது. உட்காரவில்லை. புல்மேல் சத்தமே இல்லாமல் நாலெட்டு நடந்து காட்டியது. பிள்ளைகளின் படிப்புத் தப்பியது, உத்தியோகம் தப்பியது, ஒரு மலையும் அவரை வெல்லவில்லை. அவருக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் அழுகைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். அத்தனை பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார்கள். மூக்காயி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தலையில் கைவைத்திருந்தாள்.

திருச்செல்வத்தின் நெஞ்சு உருகிவிட்டது. குதிரையை அவளருகே செலுத்திக் குனிந்து கேட்டார்.

"ஏன் மூக்காயி அழுகிறியள்? நான் மெலிஞ்சாலும் சுகமாத்தானே வந்திருக்கிறன்?"

மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்களுக்கு முன்னாடி இருந்த கணக்கப்புள்ள ஒல்லிங்கய்யா, முதுகுக்குப் பின்னால வந்து நிக்கிற வரைக்கும் வர்றதே தெரியாது, அதுக்காகத்தானே ஒங்கள வந்த நாளுலேருந்து ஆறு லயமும் கூடி ஊட்டி ஊட்டி வளத்தோம்!"